ஈச்சந்துறையை வசிப்பிடமாகவும் கொண்ட

ஈச்சந்துறையில் சாகப்போகிறவர்களுடைய மரண அறிவித்தல் அவர்கள் சாவதற்கு முதல்நாள் காலையிலேயே றேடியோவில் வாசிக்கப்படத் தொடங்கிய காலத்தில், ஊர்ச்சனம் அதைக் கேட்டு நடுங்கிப்போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது, ஏனென்றால் சனம் முதலில் செய்த வேலை அதில் பிழை பிடித்தது. வாசிக்கிறவனுக்கு மருமக்களை மூப்பு வரிசையில் சொல்லத் தெரியவில்லை என்றார்கள். கனடாவில் இருக்கிற மகனைப் பின்னுக்குத் தள்ளி உள்ளூரில் மாடு கட்டுகிற மகனை முன்னுக்குச் சொன்னது எந்த ஊர் நியாயம் என்று ஒரு குடும்பம் செத்தவீட்டுப் பந்தலுக்குள்ளேயே கூட்டம் வைத்தது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், தன் பேரை வாசித்தபோது 'தலைமை' என்ற சொல்லை விட்டுவிட்டான் என்று அன்று பின்னேரம் முழுக்கத் திட்டித் தீர்த்துவிட்டு, அடுத்தநாள் விடிவதற்குள் அறிவித்தலில் சொன்னபடியே வெறும் ஆசிரியராகச் செத்துப்போனார்.

அறிவித்தல் கேட்டது கந்தவனத்தின் பழைய சாமான் கடையில் இருந்த சிற்றலை றேடியோப் பெட்டியில் மட்டும்தான். வீட்டை விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போகிற அவசரத்தில் நின்ற ஒரு பெரிய வீட்டுக்காரரிடம் அவர் வாங்கின பெட்டி அது. அதற்குள் மரம் எவ்வளவு, இரும்பு எவ்வளவு, எலிப்புழுக்கை எவ்வளவு என்று பிரித்துப் பிரித்துப் பேரம் பேசி, பேரம் நீண்டு, வீட்டுக்காரரின் மத்தியானச் சாப்பாடும் ஆறிப்போய், கடைசியில் அந்த மனிசன் கையெடுத்துக் கும்பிட்டு 'கொண்டுபோய்த் தொலை' என்று கொடுத்தது. கந்தவனம் அப்படித்தான். இடம்பெயர்ந்து ஒரு சாக்கோடு இந்த ஊருக்கு வந்து, கரையில் ஒதுங்கின தகரமும் கம்பியும் பொறுக்கி, எந்தெந்த வீட்டு வாசல் படலைகளில் நின்று 'பழைய சாமான் இருக்கோ' என்று கேட்டு நாயால் கடிபட்டாரோ, அந்தந்த வீடுகளுக்கே பிறகு கூரைத் தகரம் விற்ற மனிசன். மூக்குக்கு மேலே கோபம். சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்குகிறவனையும் பிடிக்காது, கேட்ட விலைக்குக் கொடுக்கிறவனையும் பிடிக்காது.

ஆனால் கைக்கு மட்டும் பொறுமை இருந்தது. மின்சாரமும் பற்றறியும் இல்லாத யுத்தகாலத்தில், சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஒரு கையால் மிதிகட்டையைச் சுற்றிக்கொண்டு, டைனமோவில் வருகிற சொட்டு மின்சாரத்தில் வெளிநாட்டுச் செய்தியை மற்றக் கையால் தேடிப் பிடித்த கை அது. இரண்டு பெரிய நிலையங்களுக்கு நடுவே, பேர் சொல்லாத, பாட்டுப் போடாத, விளம்பரம் இல்லாத ஒரு குரல் காலையில் வரும். வந்தால் ஓரிடத்தில் நிற்காது, அரணை மாதிரி நழுவும். நழுவுகிற பக்கம் பார்த்துக் குமிழை மயிரளவு மயிரளவாகத் திருப்பிக்கொண்டு கூடப் போனால்தான் கேட்கும். ஊரில் வேறு சிலரும் தங்கள் தங்கள் பெட்டிகளில் முயன்று பார்த்தார்கள். கடல் இரைகிற சத்தம்தான் கிடைத்தது.

ஊர் அந்தக் குரலுக்குப் பழகின விதம் இப்படி. பாட்டுப் போட்டுக்கொண்டு ரொட்டி விற்க வருகிற பாண் வண்டிக்காரன் தன் பாட்டை நிறுத்திவிட்டுக் கடை வாசலில் நிற்பான், சனம் பாண் வாங்குகிற மாதிரி வந்து அறிவித்தலைக் கேட்டுவிட்டுப் போகும். சவப்பெட்டி செய்கிற ஆசாரி முன்கூட்டியே பலகை அறுக்கிறதை விட்டுவிட்டு, ஆளை உயிரோடு நிறுத்தி அளவெடுக்கத் தொடங்கினார். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு முதல்முறையாகத் தாய் தகப்பனின் முகம் பார்க்க நேரம் கிடைத்தது, போனிலாவது. கந்தப்பு என்ற கிழவர் 'வசிப்பிடமாகவும் கொண்ட' என்ற சொல்லில் ஒரு ஓட்டை இருப்பதாகக் கண்டுபிடித்து, கட்டிலைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊரில் மகள் வீட்டுக்குக் குடிபோனார். அடுத்தநாள் காலையில் குரல் கொஞ்சமும் தடுமாறாமல், 'ஈச்சந்துறையைப் பிறப்பிடமாகவும், மூத்த மகளின் விறாந்தையைத் தற்காலிக வசிப்பிடமாகவும் கொண்ட' என்று வாசித்தது.

பிறகொருநாள் பெட்டிக்குள் ஒரு வால்வு எரிந்துபோக, கந்தவனம் அதே மாதிரி வால்வு தேடிப் பட்டணமெல்லாம் அலைந்த நாட்களில், ஊரில் ஒருவரும் சாகவில்லை. பனையிலிருந்து விழுந்தவன் கூட எழும்பி நடந்து போனான். வால்வு கிடைத்துப் பெட்டி உயிர்த்த அன்று காலை, 'ஈச்சந்துறையைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட' என்று குரல் தொடங்கினதும் கடையில் நின்ற ஒருத்தி கையைத் தட்டிவிட, குமிழ் விலகிப் பேர் கேட்காமல் போயிற்று. அதற்கு அடுத்தநாளும் ஒரு சாவும் இல்லை. அப்போதுதான் கந்தவனத்துக்கு விளங்கியது. மரண அறிவித்தலில் ஊர்தான் முதலில் வரும், பேர் அதற்குப் பிறகுதான். ஊருக்கும் பேருக்கும் நடுவில் வாசிக்கிறவன் ஒரு மூச்செடுக்கிறான். அந்த மூச்சுக்குள் ஒரு பெருவிரல் அசைய இடம் இருக்கிறது. பேர் முழுதாக ஒரு மனிசக் காதில் விழாவிட்டால் அந்த ஆள் சாகிறதில்லை. அடுத்தநாள் காலை அவருடைய அறிவித்தல் திரும்ப வரும், அவ்வளவுதான்.

அப்படியானால் பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டு ஊர் முழுக்கச் சாகாமல் இருந்திருக்கலாமே என்றால், கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தார்கள், கோயிலில் பொங்கல் கூடப் பொங்கினார்கள். ஆனால் சிவக்கொழுந்து ஆச்சி முதுகெல்லாம் புண்ணாகிக் கிடந்தா. கிழமைக்குக் கிழமை புண் எலும்பைத் தொட்டுக்கொண்டு போனது, ஆச்சி சாகவில்லை, கத்தினா. அந்தக் கத்தல் ஒழுங்கை தாண்டிச் சந்தி வரைக்கும் வந்தது. ஒருநாள் அவவின் மகன் பரஞ்சோதி, ஒருகாலத்தில் கந்தவனத்தைப் படலைக்கு உள்ளே விடாத அதே பரஞ்சோதி, சட்டையும் போடாமல் கடைக்கு வந்து, அம்மாவின் பேரை ஒருக்கால் கேட்டுவிடச் சொல்லி அழுதார்.

கந்தவனம் காசு கேட்கவில்லை. பரஞ்சோதி தன் தம்பியின் காணிக்குள் தள்ளிப் போட்ட வேலியைப் பிடுங்கிப் பழைய இடத்தில் போடச் சொன்னார். வேலி போட்ட அன்று காலை ஆச்சியின் பேரை முழுதாகக் கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் நடந்த வியாபாரம் இரும்பு வியாபாரம் அல்ல. ஒருவனைச் சாக விடுவதற்கும் ஒருத்தியைச் சாக விடாமல் வைப்பதற்கும் சனம் வரிசையில் நின்றது. கந்தவனம் கதவைச் சாத்திவிட்டுத் தனியே கேட்டார், யாருடைய பேர் தொடங்கினதும் விரலை அசைப்பது, யாருக்கு அசைக்காமல் விடுவது என்று முதல்நாளே பேரம் முடிந்திருக்கும். வேலி போட்டு அடைத்த நடைவழி ஒழுங்கைகள் திறந்தன. பங்குக் கிணறுகளில் இரண்டு வீட்டு வாளியும் இறங்கின. பேசாத அண்ணன் தம்பிமார் அவர் முன்னால் நின்று பேசினார்கள், பேசுகிற மாதிரியாவது நடித்தார்கள். நாய் கடித்த கால் கொண்ட மனிசனுக்கு அது எவ்வளவு ருசியாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த ருசியில்தான் குகதாசன் செத்தான். இளம்பெடியன், மோட்டார் சைக்கிளில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவன், தப்பக் கூடியவன். விழுவதற்கு முதல் கிழமை சந்தியில் வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, 'இரும்பு பொறுக்கினவர் இப்ப உயிர் பொறுக்கிறார்' என்று சொல்லியிருந்தான். சனம் சிரித்தது. அவனுடைய அறிவித்தல் வந்த காலையில் கந்தவனத்தின் விரல் குமிழில்தான் இருந்தது; அந்தச் சிரிப்பு காதுக்குள் நிற்க, விரல் அசையவில்லை. கை வழுக்கிவிட்டது என்று பிறகு சொன்னார். தன் மனைவி பூரணத்துக்கும் அப்படித்தான் சொன்னார். பூரணம் அவருடைய கையைப் பார்த்தாள்.

பூரணத்துக்கு வயிற்றில் கட்டி. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பிடித்ததைச் சமைத்துக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவளுக்குச் சாப்பாட்டில் பிடித்தம் ஒன்றும் இருக்கவில்லை. பிடித்தம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் தொலைந்து போனது: யுத்தத்தின் கடைசிக் கிழமைகளில், சனம் சனமாக நீரேரியைக் கடந்தபோது, 'இதிலை நில்லுங்கோ அம்மா' என்று கையை விட்டுத் தண்ணீர்ப் போத்தலை நிரப்பப் போன ஒரே மகன் நிமலன். போனவன் வரவில்லை. செத்ததைக் கண்டவரும் இல்லை, உயிரோடு கண்டவரும் இல்லை. பூரணம் அவனுடைய படத்துக்கு மாலை போடவும் விடவில்லை, படத்தைச் சுவரிலிருந்து கழற்றவும் விடவில்லை. யாராவது அவனைப் பற்றிப் பேசினால், அவர்கள் சொல்லுகிற வசனம் 'இருந்தவன்' என்று முடிகிறதா 'இருக்கிறான்' என்று முடிகிறதா என்றுதான் பார்ப்பாள்.

குகதாசனின் எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த கையோடு ஒரு காலையில் குரல், 'ஈச்சந்துறையை வசிப்பிடமாகவும் கொண்ட திருமதி கந்தவனம்' என்று சொன்னது. கந்தவனம் தன் பேரைக் கேட்டுத் திடுக்கிட்ட திடுக்கிடலிலேயே குமிழ் விலகிவிட்டது. பிறகு ஒவ்வொரு காலையும் அது வந்தது, ஒவ்வொரு காலையும் அவர் விலக்கினார். வேறு ஒருவரும் பெட்டிக்குக் கிட்ட வரக் கூடாதென்று கடையிலிருந்து அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். பூரணம் வற்றி வற்றி, கட்டில் சட்டத்தின் நிழல் மாதிரி ஆகி, சாகாமல் கிடந்தாள்.

அப்போதுதான் வதனி வந்தாள். குகதாசனின் தமக்கை, தொழில்நுட்பக் கல்லூரியில் கணினி படிப்பிக்கிறவள். சனசமூக நிலையத்தில் கூட்டம் போடச் செய்து, கந்தவனத்தையும் கூப்பிட்டு, ஊர் முன்னால் நின்று அழாமல் பேசினாள். வானலையில் வருகிற எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கேட்டுப் பதிகிற கணினி தன்னிடம் இருக்கிறது, தென்னையில் ஒரு கம்பி கட்டினால் போதும், அது ஒருவருக்காகவும் திரும்பாது, ஒருவருக்காகவும் நிற்காது என்றாள்.

கந்தவனம் எழும்பி, தங்கச்சி, உன்ர மிசினுக்கு ஆர் செத்தாலும் ஒண்டு, அதுக்கு என்ன தெரியும் என்று கத்தினார்.

"அதுதான் அண்ணை வேணும்," என்றாள் வதனி. "ஒரு ஆளின்ர கோவத்துக்கு ஒரு ஊர் சாகேலாது. உங்கட கை ஆரை வைச்சிருக்கு, ஆரை விட்டிருக்கு எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

பரஞ்சோதி முன்வரிசையில் இருந்து, வேலியைப் பிடுங்கின கையைத் தட்டினார். பெட்டியை வீட்டில் மூடி வைக்கச் சொல்லித் தீர்மானம் நிறைவேறியது. போகிற வழியில் கந்தவனம் சந்தி முழுக்கக் கேட்க, மிசினிட்டையே போய்க் கேளுங்கோ, இனி என்ர படலையிலை ஒருத்தரும் நிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளுக்குள் அவருக்கு ஒரு ஆறுதல் இருந்ததையும் மறைக்கக் கூடாது, இனி விரலுக்கு வேலையில்லை, மிசினின் காது மனிசக் காது இல்லையென்றால் பூரணம் இருப்பாள்.

வாசிகசாலையில் பத்திரிகை மேசைக்குப் பக்கத்தில் கணினியை வைத்தார்கள். காலையில் அது தானே விழித்து, சிற்றலை முழுவதையும் ஒரு முனையிலிருந்து மற்ற முனைவரை தடவி, குரல் வந்த இடத்தில் நின்று, கேட்டதை எழுத்தாக்கித் திரையில் போட்டது. பேர் முழுதாக வந்தது. ஊரும் வந்தது, வசிப்பிடமும் வந்தது. சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்தநாளைப் பார்த்தது. அடுத்தநாள் ஒருவரும் சாகவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கணினி கேட்டது கேட்டதாகக் கணக்கில் சேரவில்லை. அதற்குச் செத்தவீட்டுக்குப் போக வேண்டிய கடமை இல்லாதபடியால் இருக்கலாம் என்று பாண் வண்டிக்காரன் சொன்னான், அதைவிட நல்ல விளக்கம் பிறகும் ஒருவரும் சொல்லவில்லை.

தங்கள் பேரைத் திரையில் வாசித்தவர்கள் முதலில் வெட்கப்பட்டார்கள், பிறகு அதற்கும் பழகினார்கள். திரையில் பேர் இருக்கிறவர்கள் என்று ஒரு புதுச் சாதியே உண்டானது. அவர்களுக்குக் கலியாணவீட்டில் முன்பந்தி வைத்தார்கள், ஆனால் கடைக்காரன் கடன் கொடுக்க மாட்டான். ஒரு கிழவி தன் தோட்டைக் கழற்றிப் பேத்திக்குக் கொடுத்துவிட்டு, நாள் போகப் போகச் சாவு வராததால், அதைத் திருப்பிக் கேட்கவும் முடியாமல் வெறுங்காதோடு திரிந்தா. நோயாளிகளின் வீடுகளில் மட்டும் பகிடி இல்லை. மருந்துக்கு அடங்காத உடம்புகள் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்து, ஒன்று ஓய மற்றது தொடங்கும் முனகலாக, மழைக்கால வயலில் தவளை மாதிரி ஊரை நிரப்பின. கோயில் மணி அடித்தும் அதை மறைக்க முடியவில்லை. பரஞ்சோதி மறுபடியும் கந்தவனத்தின் படலைக்கு வந்தார், இந்த முறை தனக்காக. அவருக்குச் சுவாசப்பை கெட்டுவிட்டது. கந்தவனம் கதவைத் திறக்கவில்லை. பெட்டியைத் திறந்தால் பரஞ்சோதியின் பேரோடு வேறு யாருடைய பேர் வரும் என்று அவருக்குத் தெரியும்.

பூரணத்தின் பேரும் திரையில் இருந்தது. அதை வாசித்த அயலட்டைப் பெண் ஒருத்தி வந்து, கந்தவனம் இல்லாத நேரம் பார்த்து, மெல்லச் சொன்னாள்: அக்கா, உங்கட அறிவித்தலிலை நிமலன்ர பேரும் வருகுது.

பூரணம் எழும்பி இருந்தாள். மரண அறிவித்தல் கேட்டு வளர்ந்த எவருக்கும் அது தெரியும், ஆனால் இத்தனை நாளும் அவளுக்கு அது தோன்றவில்லை: செத்தவரின் பிள்ளைகளைச் சொல்லும்போது, உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பேர் மட்டும் சொல்லி வாசிப்பார்கள்; இல்லாத பிள்ளைக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று ஒரு சொல் சேர்ப்பார்கள். செஞ்சிலுவைக்காரரும், காணாமற்போனவர்களைத் தேடின ஆணைக்குழுக்காரரும், சாத்திரியும் சொல்லாததை, அவளுடைய சொந்தச் செத்தவீட்டு அறிவித்தல் ஒரு சொல்லில் சொல்லும்.

வேலியைப் பிடித்துப் பிடித்து வாசிகசாலைக்கு நடந்தாள். வதனி நாற்காலி போட்டு இருத்தினாள், திரையைத் திருப்பிக் காட்டினாள், பிறகு தயங்கினாள். சில காலைகளில் கணினி 'காலஞ்சென்ற நிமலனின் பாசமிகு தாயாரும்' என்று எழுதியிருந்தது. சில காலைகளில் 'நிமலனின் பாசமிகு தாயாரும்' என்று மட்டும் எழுதியிருந்தது. வாசிகசாலையில் இதைப் பற்றி ஏற்கெனவே இரண்டு கட்சி இருந்தது. செத்துவிட்டான் என்ற கட்சியும் இருக்கிறான் என்ற கட்சியும் பூரணத்தைக் கண்டதும் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்தார்கள்.

எது சரி என்று பூரணம் கேட்டாள்.

வதனி நினைத்திருந்தால் அங்கே ஒரு சொல்லால் தம்பிக்குப் பழி வாங்கியிருக்கலாம், அல்லது ஒரு சொல்லால் அந்தக் கிழ உயிருக்குப் பால் வார்த்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. குரல் நழுவுகிறது, கணினி நின்ற இடத்திலேயே நிற்கிறது, உங்கள் பேர் வரைக்கும்தான் அதற்கு வடிவாகக் கேட்கிறது, பிறகு நிமலனின் பேர் மாதிரி ஒன்றிரண்டு சொல்தான் பிடிபடுகிறது என்றாள். "கேக்காத இடத்தை அது மற்ற அறிவித்தலுகளைப் பாத்துத் தானே நிரப்புது, அக்கா. நானும் எத்தினையோ விதமாய்ச் செய்து பாத்திட்டன். கூடவே போற ஒரு கை வேணும். அந்தக் கை எனக்கு இல்லை, இந்த ஊரிலை ஒரு ஆளிட்டைத்தான் இருக்கு." அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கசந்திருக்கும்.

அன்று பின்னேரம் பூரணம் கந்தவனத்திடம் கேட்டாள். அவர் கோபப்பட்டார். வதனியைத் திட்டினார், வாசிகசாலையைத் திட்டினார், அயலட்டையைத் திட்டினார், பிறகு வியாபாரியானார்: மழைக்காலம் முடியட்டும் என்றார், தைப்பொங்கல் கழியட்டும் என்றார், இன்னொரு கம்பி கட்டினால் மிசினுக்கே கேட்கும், நானே தென்னையில் ஏறிக் கட்டுகிறேன் என்றார், மகனைப் பற்றியும் தெரியவேண்டும், நீயும் இருக்கவேண்டும், இரண்டும் கிடைக்கிற வழி ஒன்று இல்லாமல் போகுமா, வாழ்க்கையில் நான் எந்தப் பேரத்தில் ஒன்றுக்கு இரண்டு வாங்காமல் விட்டேன் என்றார்.

"இஞ்சேருங்கோ," என்றாள் பூரணம். "நீங்கள் எனக்காக மறிக்கேல்லை. அந்தச் சொல்லுக்குப் பயந்து மறிக்கிறியள். எனக்கும் பயம்தான். ஆனா நான் இப்பிடிக் கிடந்து பயப்பிட்டுக்கொண்டிருக்கேலாது."

அவர் முற்றத்தில் போய் நின்றார். நின்று நின்று, பிறகு வந்து பெட்டிமேல் கிடந்த சாக்கை எடுத்தார்.

காலையில் பூரணம் முகம் கழுவி, பொட்டு வைத்து, பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தாள். கந்தவனத்தின் விரல் நெடுநாள் வேலையற்றுக் கிடந்தும் மறக்கவில்லை. இரண்டு பெரிய நிலையங்களையும் ஒதுக்கிக்கொண்டு போய் நடுவில் கிடந்த குரலைத் தொட்டது. முதலில் வந்தவை காத்துக் கிடந்தவர்களின் பேர்கள், பரஞ்சோதியின் பேரும் அதற்குள் இருந்தது. அவர் ஒன்றையும் விலக்கவில்லை. ஒரு பேரத்துக்கும் அன்று இடம் இருக்கவில்லை. பிறகு குரல் ஊரைச் சொல்லி, வசிப்பிடத்தைச் சொல்லி, மூச்செடுத்தது. அந்த மூச்சுக்குள் அவருடைய விரல் விலகப் பார்த்தது, பூரணம் தன் எலும்புக் கையை அவர் மணிக்கட்டின் மேல் வைத்தாள்.

'திருமதி கந்தவனம் பூரணம் அவர்கள் காலமானார்.'

கிளினிக்கில் பேர் கூப்பிட்டால் சொல்லுகிற மாதிரி, பூரணம் "ஓம்" என்றாள்.

'அன்னார் கந்தவனத்தின் அன்பு மனைவியும்' என்று சொல்லிக்கொண்டே குரல் நழுவத் தொடங்கியது. மேலே நழுவியது, அவர் போனார். சடாரென்று கீழே விழுந்தது, போனார். இரைச்சலுக்குள் மூழ்கி நூல் அளவாக வந்தது, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, அவர் வாழ்க்கையில் எந்தச் சாமானையும் அவ்வளவு கவனமாகத் தூக்காத கவனத்தோடு தூக்கிக்கொண்டு வந்தார்.

'காலஞ்சென்ற நிமலனின் பாசமிகு தாயாரும் ஆவார்.'

கந்தவனத்தின் கை குமிழைத் திருப்பப் போனது, திருப்பி என்ன, கேட்டாயிற்று. பூரணம் மணிக்கட்டை விடவில்லை. அழவும் இல்லை. அவளுடைய முகத்தில் இருந்தது அழுகை அல்ல, இவ்வளவு வருசமும் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு பாரத்தை எங்கே இறக்கி வைப்பது என்று இடம் பார்க்கிற முகம். "முடியட்டும்," என்றாள்.

குரல் வாசித்தது. இறுதிக் கிரியைகள் நாளை நடைபெறும் என்றது, ஈச்சந்துறை இந்து மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும் என்றது, இந்த அறிவித்தலை உற்றார் உறவினர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்றது. எல்லா அறிவித்தலுக்கும் கடைசியில், அதைக் கொடுத்தவர் யார் என்று ஒரு வரி உண்டு. கந்தவனம் அந்த வரியை ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. பேர் வந்த பிறகு அறிவித்தலில் வேறென்ன இருக்கிறது என்று எழும்பிப் போய்விடுகிறவர். இன்றைக்குக் கை கூடவே போன கதியில் அதையும் கேட்டார்.

'தகவல்: மகன் நிமலன்.'

பிறகு கடல் இரைச்சல்.

பூரணம்தான் முதலில் வாய் திறந்தாள், கோபமில்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்லுகிற மாதிரி.

"இவ்வளவு நாளும் காலையிலை பிள்ளை வந்து கூப்பிட்டிருக்கிறான். நீங்கள் படலையிலை வைச்சுத் திருப்பி அனுப்பியிருக்கிறியள்."

சொல்லிவிட்டு, மாதக்கணக்கில் இல்லாத ஒரு பலத்தோடு எழும்பி, தலைக்குக் குளிக்க வேண்டும் என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போனாள். ஒழுங்கைக்குள் பாண் வண்டி பாட்டோடு வந்து, ஒருவரும் வராததால் பாட்டோடு போனது. கந்தவனம் பெட்டிக்கு முன்னால் குந்தினார். குமிழை மயிரளவு திருப்பினார், இன்னும் மயிரளவு திருப்பினார், பெட்டிக்குக் கேட்க மட்டும்தான் தெரியும், திருப்பிச் சொல்லத் தெரியாது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் ஒருவரும் இல்லை; அறிந்தும் வாயை, குரல் வருகிற அந்தத் துணி மூடின சல்லடைக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"தம்பி," என்றார். "கொம்மாவை ஒரு வருசம் விடு."

இரைச்சல்.

ஒரு மாதம் என்றார். ஒரு கிழமை என்றார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு கெதியாக விலை இறங்கினதில்லை. அதுவும் வேண்டாம், இந்த வெள்ளி கழியட்டும் என்றார். பிறகு, எதிரில் நிற்கிறவன் அசையாதபோது கடைசியாகச் செய்கிறதைச் செய்தார், இறங்குவதை விட்டு ஏறினார்.

"சரி. அப்ப என்னையும் சேர்த்து வாசி."

விரல் குமிழில் இருந்தது. விரல் கூடப் போக ஒரு குரலும் வரவில்லை. கிணற்றடியில் பூரணம் தலையில் தண்ணீர் வார்க்கிற சத்தம், வாளி வாளியாக, கேட்டுக்கொண்டிருந்தது.